ஒரு பெட்டியும் மூன்று மணி நேரமும்

ஒரே ஓர் ஆளுக்காக ஒரு விமானம். நம்ப முடிகிறதா?

1961-ம் வருடம், ஏப்ரல் 30. அமெரிக்காவில் ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் என்கிற கம்பெனி ஒரு புது சேவையைத் தொடங்கியது. நியூயார்க்கிலிருந்து பாஸ்டனுக்கும் வாஷிங்டனுக்கும் ஷட்டில் விமானம். முன்பதிவு கிடையாது. போனோமா, ஏறினோமா, உட்கார்ந்தோமா. அவ்வளவுதான். விமானம் வானத்தில் போய்க்கொண்டிருக்கும்போது பணிப்பெண் வந்து, நம் ஊர் டவுன் பஸ் கண்டக்டர் மாதிரி, காசு வாங்கிக்கொண்டு டிக்கெட் கொடுத்துவிட்டுப் போவார். சீட் நிரம்பிவிட்டதா? கவலை வேண்டாம். இன்னொரு விமானத்தைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். மிச்சமிருப்பவர் ஒரே ஒருவர்தான் என்றாலும் சரி.

இன்றைக்கு நிலைமை என்ன? சென்னையிலிருந்து சிங்கப்பூர் போகச் சுமார் 4 மணி நேரம். அதற்கு, 3 மணி நேரம் முன்னதாக வந்துவிடுங்கள் என்கிறார்கள். வழியனுப்ப ஒரு வேன் நிறையச் சொந்தபந்தம் வருகிற குடும்பமாக இருந்தால் இந்த 3 தானாகவே 5 ஆகிவிடும். அது தனிக் கதை.

எதற்கு இந்த 3 மணி நேரம்? யார் போட்ட கணக்கு?

ஒரே நாளில், ஒரே ஆள் போட்ட கணக்கு இல்லை இது. கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தது. நீங்கள் நிற்கிற ஒவ்வொரு வரிசைக்குப் பின்னாலும் ஒரு தேதி இருக்கிறது. பெரும்பாலும் ரத்தக்கறை படிந்த தேதி.

ஆரம்ப காலத்தில் விமானக் கம்பெனிகளுக்கு ஒரே கவலைதான். எடை. லண்டனுக்குப் பக்கத்தில் இருந்த கிராய்டன் விமான நிலையத்தில் பெட்டியோடு சேர்த்துப் பயணியையும் தராசில் ஏற்றி நிறுத்தார்கள். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. எத்தனை கிலோ? அதுதான் கேள்வி. பிறகு ஹீத்ரு வந்தபோதுகூட லண்டன் நகரத்துக்குள்ளேயே, கிராம்வெல் சாலையில் இருந்த நிலையத்தில் பெட்டியைக் கொடுத்துவிட்டு, பஸ் பிடித்து விமானத்துக்குப் போகிற வசதி இருந்தது. 1974 வரைக்கும்.

இந்தச் சுகவாழ்வில் முதல் கல்லை எறிந்தவர்கள் கடத்தல்காரர்கள். 1968-க்கும் 1972-க்கும் நடுவே அமெரிக்க விமானங்கள் மீது மட்டும் 100-க்கும் மேற்பட்ட கடத்தல் முயற்சிகள். 'கியூபாவுக்கு விடு' என்று துப்பாக்கியைக் காட்டுவார்கள். விமானிகளும் சமர்த்தாக விடுவார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று ஹவானாவில் இறங்குவதற்கான வரைபடத்தைக் கையோடு வைத்திருந்தார்கள். அப்படியும் பயணிகளைச் சோதனை போட விமானக் கம்பெனிகள் சம்மதிக்கவில்லை. பையைத் திறந்து காட்டச் சொன்னால் கோபித்துக்கொண்டு ரயிலுக்குப் போய்விடுவார்களே என்கிற பயம்.

1972 நவம்பரில் அந்தப் பயத்தைவிடப் பெரிய பயம் ஒன்று வந்தது. 3 பேர் ஒரு சதர்ன் ஏர்வேஸ் விமானத்தைக் கடத்தி, ஓக் ரிட்ஜில் இருந்த அணு உலையின் மேல் மோதப்போவதாக மிரட்டினார்கள். மோதவில்லை. ஆனால், ஆடிப்போனது அரசாங்கம். 1973 ஜனவரி 5-ம் தேதி முதல் அமெரிக்காவில் விமானம் ஏறுகிற அத்தனை பேருக்கும் சோதனை கட்டாயம். முதல் வரிசை அங்கே பிறந்தது.

கவனியுங்கள். சோதனை மனிதனுக்கும் அவன் கைப்பைக்கும்தான். கவுன்ட்டரில் கொடுத்து விமானத்தின் வயிற்றுக்குள் போகிற பெட்டியைப் பற்றி யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. விமானத்தை வெடிக்க வைத்தால் வைத்தவனும் சாவானே, எந்தப் பைத்தியக்காரன் செய்வான் என்று நினைத்தார்கள். ஆள் ஏறாமல் பெட்டி மட்டும் ஏறினால்?

அப்படி ஒரு பெட்டி நம் மீனம்பாக்கத்துக்கே வந்தது.

1984 ஆகஸ்ட் 2. இரவு. கொழும்பு போகும் ஏர்லங்கா விமானத்துக்காக ஒரு பயணி பெட்டிகளைக் கொடுத்தார். போர்டிங் பாஸ் வாங்கினார். காணாமல் போய்விட்டார். ஆள் வராததால் பெட்டிகள் மீனம்பாக்கத்திலேயே தங்கிவிட்டன. வெடிகுண்டு இருக்கிறது என்று தொலைபேசியில் எச்சரிக்கையும் வந்தது. பெட்டிகளை அப்புறப்படுத்துவதற்குள் வெடித்துவிட்டது. கட்டடத்தின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. 30-க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். அதில் பலர் இலங்கைப் பயணிகள். தமிழ் ஈழ ராணுவம் என்கிற ஒரு சிறு குழுவின் வேலை அது. பெட்டி வெடித்திருக்க வேண்டிய இடம் கொழும்பு. வெடித்தது சென்னை.

உலகம் இதைப் பாடமாக எடுத்துக்கொண்டதா என்றால், இல்லை. ஒரு வருடம்கூட ஆகவில்லை. இன்னொரு பெட்டி வந்தது.

1985 ஜூன் 22. கனடாவின் வான்கூவர் விமான நிலையம். எம்.சிங் என்கிற பெயரில் டிக்கெட் வைத்திருந்த ஒருவர் கவுன்ட்டருக்கு வந்தார். டொரான்டோ வரைக்கும் அவருக்கு சீட் உறுதி. அங்கிருந்து டெல்லிக்குப் போகிற ஏர் இந்தியா விமானத்தில் வெயிட்டிங் லிஸ்ட். ஆனால், பெட்டியை மட்டும் நேராக டெல்லிக்கே அனுப்பிவிடுங்கள் என்றார்.

முடியாது என்றார் கவுன்ட்டரில் இருந்த பெண். சரியான பதில். சீட் உறுதியாகாத பயணியின் பெட்டியை அப்படி அனுப்பக் கூடாது. அதுதான் விதி.

அந்த ஆள் விடவில்லை. உயர்ந்த வகுப்புக்குக் காசு கொடுத்திருக்கிறேன் என்றார். என் சகோதரனைக் கூட்டி வருகிறேன், அவனிடம் பேசுங்கள் என்றார். பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. நிற்பவர்கள் எல்லோரும் எரிச்சலோடு எட்டி எட்டிப் பார்க்கிறார்கள். பேசிக்கொண்டிருக்க நேரமில்லை. எத்தனை தடவைதான் முடியாது என்பது? அந்தப் பெண் இறங்கி வந்தார். பெட்டியில் டெல்லிக்கான சீட்டைக் கட்டினார்.

பெட்டி போனது. ஆள் விமானத்தில் ஏறவே இல்லை.

டொரான்டோவில் ஏர் இந்தியா பெட்டிகளைச் சோதித்த எக்ஸ்ரே இயந்திரம் பாதியில் படுத்துக்கொண்டது. மிச்சப் பெட்டிகளைக் கையடக்கக் கருவி ஒன்றால் சோதித்து அனுப்பினார்கள். மறுநாள், ஜூன் 23. அயர்லாந்துக் கடற்கரையை நெருங்கும்போது, 31,000 அடி உயரத்தில் கனிஷ்கா விமானம் வெடித்துச் சிதறியது. 329 பேர். அவர்களில் 80-க்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள். அதற்குச் சற்று முன்பு, ஜப்பானின் நரிடா விமான நிலையத்தில் இன்னொரு பெட்டி வெடித்து 2 ஊழியர்கள் இறந்தார்கள். அதுவும் அதே வான்கூவரில் ஏறிய பெட்டி. இன்னொரு ஏர் இந்தியா விமானத்துக்கு மாறவேண்டிய பெட்டி.

அந்தக் கவுன்ட்டர் பெண்மீது பழி போடுவது சுலபம். ஆனால், யோசித்துப் பாருங்கள். விதி அவருக்குத் தெரியும். முடியாது என்று சொல்லவும் சொன்னார். அவரிடம் இல்லாதது ஒன்றே ஒன்று. நேரம்.

இதற்குப் பிறகுதான் சர்வதேச விமானங்களில் ஒரு விதி வந்தது. பெட்டி ஏறினால் ஆளும் ஏற வேண்டும். ஆள் வரவில்லையா? பெட்டியைத் தேடி இறக்கு. காகிதத்தில் விதி வந்துவிட்டது. நடைமுறையில்?

1988 டிசம்பர் 21. லண்டனிலிருந்து நியூயார்க் கிளம்பிய பான் ஆம் 103, ஸ்காட்லாந்தின் லாக்கர்பி ஊருக்கு மேலே வெடித்தது. விமானத்தில் 259 பேர், தரையில் 11 பேர். குண்டு இருந்த பெட்டி மால்டாவில் ஏறி, பிராங்பர்ட் வழியாக, ஆளே இல்லாமல் வந்த பெட்டி என்று 2001-ல் தீர்ப்பு சொன்னது நீதிமன்றம். பிராங்பர்ட்டில் எக்ஸ்ரே பார்த்ததோடு சரி. ஆளையும் பெட்டியையும் பொருத்திப் பார்க்கவில்லை. அதே விமானத்தைத் தவறவிட்ட பயணி ஒருவரும் உண்டு. விமான நிலைய மதுக்கடையில் நேரம் போனது தெரியாமல் இருந்துவிட்டு, மூச்சிரைக்க ஓடி வந்திருக்கிறார். கதவு மூடியாகிவிட்டது. அவர் பிழைத்தார். அவருடைய பெட்டி? அது விமானத்தோடு போய்விட்டது. யாரும் இறக்கவில்லை. பாவம், கொஞ்ச காலம் அவர் மீதே போலீசுக்குச் சந்தேகம்.

பிறகு வரிசைகள் மளமளவென்று கூடின. 1999 டிசம்பரில் காத்மாண்டுவிலிருந்து டெல்லி வந்த இந்தியன் ஏர்லைன்ஸ் விமானத்தைக் காந்தஹாருக்குக் கடத்தினார்கள். மறு வருடம் முதல் இந்திய விமான நிலையங்களின் காவல், மாநில போலீசிடமிருந்து படிப்படியாக மத்தியத் தொழிலகப் பாதுகாப்புப் படையின் கைக்குப் போனது. 2001 செப்டம்பர் 11-க்குப் பிறகு அமெரிக்காவில் விமானத்துக்குள் போகிற எல்லாப் பெட்டிகளுக்கும் சோதனை வந்தது. அதே டிசம்பரில் ரிச்சர்ட் ரீட் என்பவன் ஷூவில் வெடிமருந்து வைத்துக்கொண்டு பாரிஸில் விமானம் ஏறினான். அதற்கு முந்தைய நாளே சந்தேகப்பட்டு நிறுத்தி விசாரித்தார்கள். விசாரணையில் விமானம் போய்விட்டது. மறுநாள் வந்து ஏறிவிட்டான். நடுவானில் சக பயணிகள் பிடித்துக் கட்டிப்போட்டார்கள். அவன் புண்ணியத்தில் அமெரிக்காவில் கோடிக்கணக்கானவர்கள் ஷூவைக் கழற்றினார்கள். 2025-ல்தான் அதைக் கைவிட்டார்கள். 2006 ஆகஸ்டில் லண்டனில் திரவ வெடிகுண்டுச் சதி. கைப்பையில் 100 மில்லிக்கு மேல் திரவம் கூடாது என்பது அதற்குப் பிறகு வந்தது.

சரி, நம் 3 மணி நேரத்துக்கு வருவோம்.

பின்னாலிருந்து கணக்குப் போடுங்கள். விமானத்தின் வாசல் கிளம்புவதற்குச் சுமார் 20, 25 நிமிடம் முன்பே மூடிவிடும். சர்வதேச விமானத்துக்குப் பெட்டி வாங்குகிற கவுன்ட்டரைப் பல கம்பெனிகள் 60 நிமிடம் முன்பு மூடுகின்றன. சிலர் 75 நிமிடம் என்கிறார்கள். நடுவில் இமிக்ரேஷன், பாதுகாப்புச் சோதனை. உங்கள் பெட்டி இன்னொரு பக்கம் எக்ஸ்ரேவுக்குள் போகும். சந்தேகம் வந்தால் உங்களைக் கூப்பிட்டுத் திறக்கச் சொல்வார்கள். நீங்கள் ஏறவில்லை என்றால் நூற்றுக்கணக்கான பெட்டிகளுக்கு நடுவே உங்களுடையதைத் தேடி இறக்க வேண்டும். ஆக, கவுன்ட்டருக்கு முன்னால் நிற்கிற வரிசைக்கும் சேர்த்து 3 மணி நேரம்.

கைப்பை மட்டும் வைத்திருக்கிறீர்கள், வீட்டிலேயே போர்டிங் பாஸ் எடுத்துவிட்டீர்கள் என்றால் 2 மணி நேரத்திலும் முடிந்துவிடலாம். விடுமுறைக் காலம், நள்ளிரவில் அடுத்தடுத்து விமானங்கள் கிளம்புகிற நேரம் என்றால் 3 மணி நேரத்தில் ஒரு நிமிடம்கூடக் குறைக்காதீர்கள். உங்கள் கம்பெனி எத்தனை மணிக்குக் கவுன்ட்டரை மூடுகிறது என்பதை டிக்கெட்டில் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் சீக்கிரம் முடிந்து, உள்ளே ஒன்றரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்கும்போது எரிச்சல் வரத்தான் செய்யும். வரட்டும். நீங்கள் சும்மா உட்கார்ந்திருக்கிற அந்த நேரம் வேறொருவருக்குப் பயன்படுகிறது. கவுன்ட்டரில் ஒரு பெண் யாரோ ஒருவரிடம், பின்னால் நிற்கிற வரிசையைப் பற்றிக் கவலைப்படாமல், நிதானமாக, 'முடியாது சார்' என்று சொல்லிக்கொண்டிருப்பார். நீங்கள் சீக்கிரம் வந்ததால்தான் அவரால் அப்படிச் சொல்ல முடிகிறது.