பீட்டர்சன் சந்து: தைக்காமல் விட்ட ஒரு இடைவெளி

பழைய கோடில் அசிங்கமா ஒரு வரி இருக்கும். தேவையில்லைன்னு தூக்குவோம். அடுத்த வாரம் வேற எங்கேயோ உடையும். அதைத் தாங்கிட்டிருந்ததே அந்த வரிதான்! எடைக் குறைப்பு அறுவை சிகிச்சையின் வரலாற்றிலும் இதேதான் நடந்தது.

1900-ல் ஜெர்மன் சர்ஜன் வால்தர் பீட்டர்சன் ஒரு ஆபத்தைப் பதிவு செய்கிறார். சிறுகுடலை மேலே இழுத்து இரைப்பையோடு தைத்தால், அந்தக் குடலுக்குப் பின்னால் ஒரு சந்து உருவாகும். மற்ற குடல் அதுக்குள்ள நுழைஞ்சு மாட்டிக்கலாம். இதுதான் பீட்டர்சன் ஹெர்னியா. வெளியே எந்த வீக்கமும் தெரியாது.

1966-ல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன், எடை குறைக்க இரைப்பை பைபாஸைத் தொடங்குகிறார். அல்சருக்காக இரைப்பையில் ஒரு பகுதியை எடுத்தவர்கள் மெலிந்துபோனதுதான் அவருக்குக் கிடைத்த துப்பு. இதிலும் சிறுகுடல் இரைப்பையோடு இணைக்கப்படுது. அதனால பீட்டர்சன் சொன்ன ஆபத்தும் கூடவே வந்தது. ஆனா, வயிற்றைப் பெரிசாத் திறந்து செய்யும்போது உள்ளே தழும்புத் திசு வளர்ந்து குடலை அங்கங்கே ஒட்டவைக்கும். டாக்டர்கள் வெறுத்த அந்த ஒட்டுதலே குடலை நகரவிடாமல் ஓரளவு பிடித்து வைத்தது.

1994-ல் ஆலன் விட்குரோவ் குழு லேப்பராஸ்கோப்பி மூலம் பைபாஸ் செய்ததை வெளியிட்டது. சின்ன ஓட்டைகள், குறைந்த வலி, குறைந்த தழும்பு. ஆனா அந்த ஒட்டுதலும் குறைஞ்சதால, உள் ஹெர்னியா அதிகமாச்சு. எடை இறங்க இறங்க, குடலைத் தாங்கும் சவ்விலுள்ள கொழுப்பும் கரைந்து சந்து அகலமாகும். அதாவது, சிகிச்சை ஜெயிச்ச பிறகுதான், மாதங்களோ வருடங்களோ கழித்து, பிரச்சினை வருது.

சந்தைத் தைச்சு மூடிட்டா? ஸ்வீடனில் 12 மருத்துவமனைகளில் 2507 பேரிடம் சோதித்தார்கள். முடிவு 2016-ல் 'லான்செட்' இதழில் வந்தது. குடல் அடைப்புக்காக 3 ஆண்டுகளுக்குள் மறுபடி ஆபரேஷன் தேவைப்பட்டவர்கள் 10.2 சதவீதத்திலிருந்து 5.5 ஆகக் குறைந்தார்கள். ஆனா முதல் 30 நாட்களில் கடுமையான சிக்கல்கள் 2.8-லிருந்து 4.3 சதவீதமாகக் கூடின. தையல் இழுத்து குடல் மடங்கியதும் ஒரு காரணம். சரிசெய்ததிலும் ஒரு பக்!

உங்க வீட்டில் யாராவது பைபாஸ் செய்திருந்தால், இதை மட்டும் நினைவில் வையுங்கள். பல வருஷம் கழிச்சு வயிறு சுருட்டிப் பிடிச்சு வலித்தால், கேஸ்னு சோடா குடிச்சுட்டுப் படுக்காதீங்க. உடனே மருத்துவமனைக்குப் போய், முதல் வாக்கியமா பழைய ஆபரேஷனைச் சொல்லுங்க. சில நேரம் ஸ்கேனில்கூட இது தெரியாது. ரத்த ஓட்டம் நின்றால் குடல் சில மணி நேரத்தில் அழுகத் தொடங்கும்.