செயற்கைப் பல்லுக்கும் பராமரிப்பு வேண்டும்

மணலியில் 1969-ஆம் ஆண்டு எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும், 1971-இல் உர ஆலையும் இயங்கத் தொடங்கின. அவற்றிலும் அவற்றைச் சுற்றி வளர்ந்த தொழிற்சாலைகளிலும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஷிப்டு பார்த்து ஓய்வு பெற்றவர்கள் மணலியிலும் திருவொற்றியூரிலும் ஏராளம். பணி ஓய்வும் பல் இழப்பும் பலருக்கு ஏறத்தாழ ஒரே காலத்தில் வருகின்றன. பணிக்கொடைத் தொகை வங்கியில் இருக்கும் அந்த வேளையில், 'பல்செட் எதற்கு, இம்பிளான்ட் வைத்துக்கொண்டால் ஆயுளுக்கும் கவலையில்லை' என்ற யோசனையும் வந்து சேரும்.

இந்த யோசனையின் முதற்பாதி பலருக்குப் பொருந்தும். பிற்பாதி சரியன்று.

பல் உள்வைப்பு என்பது, பல் இருந்த இடத்தில் தாடை எலும்புக்குள் பொருத்தப்படும் சிறு டைட்டானிய திருகு. அது செயற்கை வேர். அதன்மேல் ஓர் இணைப்புத் துண்டும், அதற்கும் மேல் பல் வடிவிலான 'கேப்'பும் பொருத்தப்படும். திருகைச் சுற்றி எலும்பு வளர்ந்து அதனுடன் ஒட்டிக்கொள்ளப் பொதுவாக மூன்று முதல் ஆறு மாதங்கள் ஆகும்.

எலும்பும் டைட்டானியமும் இவ்வாறு ஒட்டிக்கொள்ளும் என்பது தற்செயலாகத் தெரியவந்தது. ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர் பெர் இங்வார் பிரனமார்க், 1950-களில் முயல்களின் எலும்பில் பொருத்திய டைட்டானியக் கருவிகளை ஆய்வு முடிந்ததும் கழற்ற முயன்றார்; இயலவில்லை. 1965-இல் யோஸ்டா லார்சன் என்பவருக்கு அவர் பொருத்திய உள்வைப்புகள், 2006-இல் லார்சன் இறக்கும் வரை ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் பயன்பட்டன. பத்தாண்டுகளுக்குப் பிறகும் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்ட உள்வைப்புகள் நிலைத்திருப்பதாகவே நீண்டகால ஆய்வுகள் கூறுகின்றன. ஆகவே, சிகிச்சையின் மீது ஐயம் கொள்ளத் தேவையில்லை. நாம் அதைப் புரிந்துகொண்டிருக்கும் விதத்தில்தான் குறை.

இயற்கைப் பல்லுக்கும் எலும்புக்கும் இடையே மெல்லிய நார்த்திசு உண்டு. கடிக்கும் விசையைத் தாங்குவதும், கல் கடிபட்டால் உடனே உணர்த்துவதும் அதுவே. உள்வைப்புக்கு அந்த மெத்தை கிடையாது. பல்லுக்குள் இருக்கும் நரம்பும் கிடையாது. அதற்குச் சொத்தை வராது என்பது உண்மை. ஆனால், அதைச் சுற்றியுள்ள ஈறு அழுக்குப் படிந்து வீங்கும். அழற்சி உள்ளே இறங்கினால் எலும்பு கரையும். இவ்வளவும் பெரும்பாலும் வலியின்றியே நடக்கும். வலித்தால் மருத்துவரிடம் போகலாம் என்று காத்திருக்கும் நம் வழக்கம் இங்கே உதவாது. திருகு ஆடத் தொடங்கும்போது இழந்த எலும்பை மீட்பது மிகக் கடினம்.

புகைப்பவர்களுக்கும், கட்டுப்பாடில்லாத நீரிழிவு உள்ளவர்களுக்கும், ஏற்கெனவே ஈறு நோயால் பற்களை இழந்தவர்களுக்கும் இந்த ஆபத்து அதிகம். 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. எனவே இது சிலருக்கு மட்டுமான எச்சரிக்கை அன்று. எலும்புத் தேய்மானத்துக்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பவர்களும், தலை, கழுத்துப் பகுதியில் கதிர்வீச்சு சிகிச்சை பெற்றவர்களும் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அம்மருந்துகளில் சில, தாடை எலும்பில் ஆறாத புண்ணை உண்டாக்கக்கூடும். 'பல்லுக்கும் அதற்கும் என்ன தொடர்பு' என்று நினைத்துப் பலர் மறைப்பதில்லை. கேட்காததால் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

பராமரிப்பு முறை எளியது. மென்மையான தூரிகையால் நாள்தோறும் இருமுறை துலக்க வேண்டும். ஈறும் கேப்பும் சேரும் விளிம்பில் கூடுதல் கவனம் வேண்டும். அந்த இடுக்கில் சாதாரணத் தூரிகை நுழையாது. அதற்கென விற்கும் சிறு இடுக்குத் தூரிகையையோ பல்லிடுக்கு நூலையோ நாளுக்கு ஒருமுறையாவது பயன்படுத்த வேண்டும். கரித்தூள், செங்கல்தூள் போன்றவற்றால் தேய்ப்பதும் குச்சியால் குத்துவதும் கூடாது. தூக்கத்தில் பல்லை நறநறவெனக் கடிப்பவர்கள் இரவில் அணியும் உறை பற்றிக் கேட்டறியலாம். புகையிலையை, மெல்லும் வகை உள்பட, விட்டுவிட வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருத்துவரிடம் காட்ட வேண்டும். உள்வைப்பைச் சுத்தம் செய்ய, அதன் பரப்பைக் கீறாத தனிக் கருவிகள் உண்டு. துலக்கும்போது ரத்தம் கசிந்தால் ஆறு மாதம் பொறுத்திருக்கக் கூடாது.

இனி, எனக்குப் பழக்கமான பொருளாதாரத்துக்கு வருகிறேன். மருத்துவச் சந்தையில் விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாது என்பதை கென்னத் ஆரோ 1963-இல் எழுதிய கட்டுரையில் விளக்கினார். உள்வைப்பு அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பல் ஒன்றுக்கு இருபதாயிரம் ரூபாய் முதல் ஐம்பதாயிரமும் அதற்கு மேலும் சொல்கிறார்கள். அது பெரும்பாலும் பொருத்துவதற்கான விலை. எலும்பு போதாமல் செய்யும் ஒட்டு, முப்பரிமாண ஸ்கேன், சில ஆண்டுகளுக்குப் பின் கேப் மாற்றுதல், பராமரிப்பு ஆகியவை அதில் அடங்குமா என்பதைக் கேட்டால்தான் தெரியும். இதய ஸ்டென்டுக்கும் செயற்கை முழங்கால் மூட்டுக்கும் 2017-இல் மத்திய அரசு விலை உச்சவரம்பு விதித்தது. பல் உள்வைப்புக்கு அத்தகைய வரம்பு இல்லை. விபத்தில் பல் போனாலொழியப் பெரும்பாலான மருத்துவக் காப்பீடுகளும் இதற்குப் பணம் தருவதில்லை. முழுச் சுமையும் ஓய்வூதியர் தலையில்தான்.

எனக்குத் தெரிந்த, ஆலைப் பணியில் ஓய்வு பெற்ற ஒருவர் இரண்டு உள்வைப்புகளைப் பொருத்திக்கொண்டார். ஐந்தாம் ஆண்டில் ஒன்றின் இணைப்புத் திருகு தளர்ந்தது. பொருத்திய மருத்துவமனை அதற்குள் மூடப்பட்டிருந்தது. புதிய மருத்துவர் முதலில் கேட்டது, 'எந்த நிறுவனத்துத் திருகு, என்ன அளவு?' என்பதுதான். ஒரு நிறுவனத்தின் உதிரிப்பாகம் பெரும்பாலும் இன்னொன்றுக்குப் பொருந்தாது. இவரிடம் பணம் கட்டிய ரசீது மட்டுமே இருந்தது. எக்ஸ்ரே படத்தைப் பார்த்துத் திருகின் வகையை ஊகித்தறிய மூன்று வாரங்களும் இரண்டு மருத்துவர்களும் தேவைப்பட்டனர்.

எனவே, பணம் கட்டும் நாளிலேயே நிறுவனப் பெயர், திருகின் நீள அகலம், தயாரிப்புத் தொகுதி எண், பொருத்திய தேதி ஆகியவை கொண்ட அட்டையைக் கேட்டு வாங்க வேண்டும். பொருத்தியவுடன் எடுத்த எக்ஸ்ரேயின் படியும் வேண்டும். பிற்காலத்தில் எலும்பு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதை அத்துடன் ஒப்பிட்டே சொல்ல முடியும். முடிவெடுக்குமுன் இன்னொரு கருத்துக் கேட்க விரும்பும் மணலிவாசி, பாரிமுனைக்குப் பேருந்து ஏறினால் போதும். கோட்டை ரயில் நிலையத்தருகே அரசுப் பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அங்கு வரிசையில் நிற்க நேரும். ஆனால், விற்பனை இலக்கு எதுவும் இல்லாத ஒருவர் வாயைத் திறந்து பார்ப்பார்.