வலது மூலைக்காரர்

எங்கள் தெருவில் ஒரு சொல்தா இருந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்துவிட்டுப் பென்ஷனோடு திரும்பியவர்களைப் புதுச்சேரியில் அப்படித்தான் சொல்வோம். டிவியில் ரக்பி ஓடும்போது பந்தோடு பாய்கிறவனை அவர் கவனிக்கவே மாட்டார். முன்வரிசையில் தலையைக் கொடுத்து முட்டிக்கொண்டு நிற்கும் கனத்த ஆளைக் காட்டி, "இவன் பேரு பிலியே. தூண்னு அர்த்தம். தூணைப் பாத்து எவன் கைதட்டுவான்?" என்பார்.

ரக்பியிலிருந்து பிறந்த அமெரிக்கக் கால்பந்தில் இப்படி ஐந்து தூண்கள். அஃபென்சிவ் லைன்மேன் என்று பெயர். பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கை எதிரணி நெருங்கவிடாமல் மறித்து நிற்பது அவர்கள் வேலை. பந்து அவர்கள் கைக்கு அநேகமாக வராது, ஸ்கோர் பட்டியலில் பெயரும் வராது. எதிராளியைப் பிடித்து இழுத்து மாட்டிக்கொண்டால் மட்டும் நடுவர் மைக்கில் அவர் சட்டை எண்ணைச் சொல்வார். 1985 நவம்பரில் லாரன்ஸ் டெய்லர் பாய்ந்து விழுந்ததில் வாஷிங்டன் குவார்ட்டர்பேக் ஜோ தைஸ்மனின் கால் முறிந்தது. அதன் பிறகு அவர் ஆடவே இல்லை. 1993இல் வீரர்கள் விருப்பப்படி அணி மாறும் உரிமை வந்ததும், இடது ஓரத்தில் காவல் நிற்கும் லைன்மேனின் சம்பளம் விறுவிறுவென ஏறியது.

நம்ம பக்கம் இந்த வேலையைத் தொழிலாகச் செய்தவர் யார் என்று யோசித்தால் எனக்கு ஒரு பெயர்தான் வருகிறது. தர்மராஜ் சேரலாதன், கபடியில் வலது கார்னர். ஒப்பீடு அச்சாகப் பொருந்தாது. கபடியில் பிடித்தவனுக்குப் புள்ளி உண்டு, லைன்மேனுக்கு அதுவும் கிடையாது. ஆனால் கார்னர் நிற்கும் இடமும் காத்திருக்கும் விதமும் அதே ஜாதிதான்.

ரைடு வருபவனுக்கு 30 நொடி. எதிரே ஏழு பேர். வரிசையின் இரண்டு கடைக்கோடியிலும் நிற்பவர்கள் கார்னர்கள். வந்தவன் நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் இருக்கும் பாக் லைனைத் தாண்டியாக வேண்டும். போனஸ் கோட்டுக்கு ஒரு காலை நீட்டுவான், இழுப்பான், பொய்யாகத் திரும்புவான். கார்னருக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: எந்தக் காலில் எடை இருக்கிறது? எடை இல்லாத காலைப் பிடித்தால் உதறிவிட்டு ஓடிவிடுவான், உதவிக்கு வந்த இரண்டு பேரும் சேர்ந்து அவுட். சரியான காலில் கணுக்காலைப் பிடித்தால், கவரில் நிற்பவர்கள் மேலே வந்து விழுவார்கள். ரீப்ளேயில் அந்த ஆள்குவியல் தெரியும். அடியில் கணுக்காலை விடாமல் இருக்கும் கை பாதி நேரம் தெரியாது. கபடி பார்க்கும்போது நான் தேடுவது அந்தக் கையைத்தான்.

சேரலாதன் 1975இல் தஞ்சாவூர் மாவட்டம் திருச்சனம்பூண்டியில் பிறந்தவர். அவர் தலைமுறைக் கபடிக்காரர்களுக்கு ஆட்டம் என்றால் மண்தரை, டியூப்லைட் கட்டிய ராத்திரி டோர்னமென்ட், முழங்காலில் ஆறாத சிராய்ப்பு. நன்றாக ஆடினால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஒரு வேலை. அதோடு வாழ்க்கை செட்டில் ஆனதாகக் கணக்கு. 1990 பெய்ஜிங் ஆசிய விளையாட்டிலிருந்து இந்தியா தங்கமாகக் குவித்தபோதும் கபடிக்காரன் முகம் யாருக்கும் தெரியாது.

2014 ஜூலை 26 அன்று புரோ கபடி லீக் ஆரம்பித்தபோது சேரலாதனுக்கு 39 வயது. முட்டி தேய்ந்து, விசிலை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பயிற்சியாளராகிற வயது. அவர் பெங்களூரு சட்டையைப் போட்டுக்கொண்டு மேட்டில் இறங்கினார். தன்னில் பாதி வயதுப் பையன்களின் காலைப் பிடித்தார். வடக்கத்தி வீரர்களும் அவரை 'அண்ணா' என்றே கூப்பிட்டார்கள்.

2016தான் அவருடைய வருஷம். பாட்னா பைரேட்ஸ் அவரைக் கேப்டனாக்கியது. ஜூலை 31 அன்று ஹைதராபாத்தில் நடந்த இறுதியில் ஜெய்ப்பூரை 37-29 என்று தோற்கடித்துக் கோப்பையை வாங்கினார்கள். பேசப்பட்டது பர்தீப் நர்வாலின் ரைடுதான். அதே அக்டோபரில் அகமதாபாத்தில் உலகக் கோப்பை. இறுதியில் ஈரானிடம் பாதி ஆட்டத்தில் 13-18 என்று பின்தங்கியிருந்த இந்தியா 38-29 என்று ஜெயித்தது. அன்று நாயகன் ரைடர் அஜய் தாக்கூர். அது நியாயமும்கூட, மனுஷன் அப்படி ஆடினார். அந்த 14 பேர் அணியில் 41 வயது சேரலாதனும் இருந்தார் என்பது இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? வைத்திக்குப்பம் மணலில் ஆடும் பையன்களைக் கேட்டுப் பாருங்கள். எல்லோரும் ரைடு போகத்தான் ஆசைப்படுவார்கள். கார்னரில் நிற்கச் சொன்னால் முகம் சுருங்கிவிடும்.

அடுத்த வருஷம் தமிழ் தலைவாஸ் அணி வந்தது. கேப்டன் இமாச்சலத்து அஜய் தாக்கூர். வலது கார்னரில் ஹரியானாவின் அமித் ஹூடா, சந்தேகமில்லாமல் நல்ல ஆட்டக்காரர். தஞ்சாவூர்க்காரர் அந்த சீசனில் புனேவுக்காக ஆடிக்கொண்டிருந்தார். ஏலம் என்றால் அப்படித்தான், யார் மேலும் குற்றமில்லை. ஆனாலும் அந்த அணி ஆடுவதைப் பார்க்கும்போது எனக்கு ஒரு மாதிரி இருந்தது. சென்னையில் நம்ம ஜனம் கத்துகிற கத்தலை அந்த மனிதர் சொந்த ஊர்ச் சட்டையில் நின்று கேட்டிருக்க வேண்டும்.

காவலுக்கு விலை ஏறிய கதை இங்கேயும் நடந்தது. 2014 ஏலத்தில் அதிக விலைபோனவர் ராகேஷ் குமார், 12.80 லட்சம். 2018 ஏலத்தில் முதன்முதலாக ஒரு கோடியைத் தொட்டவர் ரைடரே இல்லை. ஈரானின் ஃபசல் அத்ராசலி, இடது கார்னர். அன்றைக்கே ஐந்து பேர் அவரைத் தாண்டிப் போனார்கள் என்பது வேறு விஷயம். அந்த சீசனில் யு மும்பாவின் இடது மூலையில் ஃபசல், வலது மூலையில் சேரலாதன். நான் பார்த்தவரை புரோ கபடியில் இதைவிட அழகான ஜோடி இல்லை. ஒருவர் புலி மாதிரி பாய்வார். மற்றவர் கொக்கு மாதிரி நிற்பார்.

2019இல் 44 வயதில் ஹரியானா ஸ்டீலர்ஸின் கேப்டன். கபடி என்றாலே ஹரியானா என்று சொல்கிற மாநிலத்தின் அணிக்குத் தமிழ்நாட்டுக்காரர் தலைமை. அதன் பயிற்சியாளர் அதே ராகேஷ் குமார், சேரலாதனைவிட வயதில் இளையவர். அணி எலிமினேட்டர் வரை போய், யு மும்பாவிடமே தோற்றது.

தமிழ் தலைவாஸுக்கு அவர் வந்து சேர்ந்தது 2024இல். வியூகப் பயிற்சியாளராக, கோட்டுக்கு வெளியே.