ஐந்து நிமிட வானம்

1982ஆம் ஆண்டின் ஃபாக்லாந்து போரைப் பற்றிப் பேச்செடுத்தால் இலக்கியம் அறிந்தவர்கள் உடனே போர்ஹெஸைத் துணைக்கு அழைப்பார்கள். இரண்டு வழுக்கைத் தலையர்கள் ஒரு சீப்புக்காக அடித்துக்கொண்ட கதை என்று அவர் சொன்னதாக வழங்கும் வாசகம் அத்தனை பிரசித்தம். எனக்கும் பல வருடங்கள் அந்தப் போரைப் பற்றித் தெரிந்தது அந்த நையாண்டியும், நான்கு ஆண்டுகள் கழித்து மெக்சிகோவில் மரடோனா கையால் தட்டிவிட்ட அந்தப் பந்தும் மட்டுமே. அப்புறம் படிக்கப் படிக்க, அந்த நையாண்டியில் ஏதோ குறைவதாகத் தோன்றத் தொடங்கியது. எழுபத்து நான்கு நாட்களில் 649 அர்ஜென்டினர்களும் 255 பிரிட்டிஷாரும் தீவுவாசிகளான மூன்று பெண்களும் இறந்தார்கள். போர்ஹெஸுக்கே அந்தச் சொல் போதவில்லை போலும். அதே ஆண்டில், இரு தரப்பிலும் மாண்ட இரண்டு இளைஞர்களைக் குறித்துச் சிறியதொரு படைப்பை அவர் எழுதினார். அதில் கேலி இல்லை.

தீவுகள் அர்ஜென்டினக் கரையிலிருந்து சுமார் ஐந்நூறு கிலோமீட்டர். பிரிட்டனிலிருந்து ஏறத்தாழ 13,000. மரமற்ற புல்வெளி, ஓயாத காற்று, ஆடுகள், 1982இல் சுமார் 1,800 மனிதர்கள். 1764இல் முதலில் குடியேறியவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். அவர்கள் புறப்பட்டு வந்த சாங் மாலோ துறைமுகத்தின் பெயரே ஸ்பானிய நாவில் 'மால்வினாஸ்' ஆயிற்று. அடுத்து பிரிட்டிஷார் தீவுக்கூட்டத்தின் மேற்குப் பகுதியில் ஒரு கோட்டை கட்டினர். பிரெஞ்சுக்காரர்கள் தம் பங்கை ஸ்பெயினுக்கு விற்றனர். 1770இல் ஸ்பெயின் பிரிட்டிஷாரை வெளியேற்ற, இரு பேரரசுகளும் போரின் விளிம்புக்குச் சென்று மீண்டன. அகராதி செய்த சாமுவேல் ஜான்சன் அப்போது, 1771இல், இந்தப் பயனற்ற பாறைகளுக்காகப் போர் எதற்கு என்று அரசு சார்பில் ஒரு துண்டுப்பிரசுரமே எழுதினார். பிறகு பிரிட்டிஷார் ஓர் ஈயத் தகட்டை விட்டுவிட்டுப் போனார்கள், ஸ்பானியர்களும் போனார்கள், விடுதலை பெற்ற அர்ஜென்டினா அத்தீவுகளைத் தன் வாரிசுச் சொத்தாகக் கருதி ஆளுநரை நியமித்தது, 1833 ஜனவரியில் பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஒன்று வந்து அர்ஜென்டினக் கொடியை இறக்கச் செய்தது. அர்ஜென்டினக் குழந்தைகள் பள்ளியில் கற்பது இந்தக் கடைசி வரியை. தீவின் குழந்தைகளோ அதற்குப் பின் தலைமுறை தலைமுறையாக அங்கே பிறந்தவர்கள். இரண்டு தரப்பின் நியாயமும் வெவ்வேறு மொழியில் எழுதப்பட்டிருப்பதால் ஒன்றையொன்று மறுக்கக்கூட முடிவதில்லை.

1982 மார்ச் 30 அன்று புவெனஸ் ஐரிஸ் வீதிகளில் ராணுவ ஆட்சிக்கு எதிராகத் திரண்ட தொழிலாளர்களைக் காவல்துறை அடித்து விரட்டியது. மூன்றே நாட்கள் கழித்து, ஏப்ரல் 2 அன்று, அதே நகரின் மே சதுக்கத்தில் கூட்டம் கால்த்தியேரியை வாழ்த்திக் கோஷமிட்டது. இடையில் தீவுகள் கைப்பற்றப்பட்டிருந்தன. சர்வாதிகாரிகளின் கணக்கு பெரும்பாலும் இந்த அளவுக்கு எளிமையானதுதான். மார்கரெட் தாட்சர் கப்பற்படையை அனுப்புவார் என்பது மட்டும் அந்தக் கணக்கில் இல்லை.

இனி வானத்துக்கு வருவோம். எண்ணிக்கையில் பார்த்தால் அர்ஜென்டினாவின் கை பல மடங்கு ஓங்கியிருந்தது. மிராஜ், டாகர், ஸ்கைஹாக், சூப்பர் எத்தான்தார் என்று ஜெட் விமானங்களின் வரிசை. எதிரே ஹெர்மிஸ், இன்வின்சிபிள் என்னும் இரண்டு விமானந்தாங்கிக் கப்பல்களில் தொடக்கத்தில் இருபதே சீ ஹாரியர்கள், அவையும் ஒலியின் வேகத்தைத் தாண்டாதவை. இந்தச் சமன்பாட்டைத் தலைகீழாக்கியது வீரமோ தொழில்நுட்பமோ அல்ல, முதன்மையாக ஓர் ஓடுபாதையின் நீளம் என்றே நான் நினைக்கிறேன்.

தலைநகரான ஸ்டான்லியில் இருந்த ஓடுபாதை சுமார் 1,250 மீட்டர். புக்காரா போன்ற இலகுவான விமானங்களுக்கும் சரக்கு விமானங்களுக்கும் அது போதும். குண்டு சுமந்த ஜெட் விமானங்களுக்குப் போதாது. பிரிட்டிஷ் கப்பல்கள் வந்துசேர ஏறத்தாழ ஒரு மாதம் இருந்தது. அந்த மாதத்தில் அதை நீட்டியிருந்தால் தீவே ஒரு விமானந்தாங்கிக் கப்பலாகியிருக்கும். அது நடக்கவில்லை. ஆகவே ஒவ்வொரு தாக்குதலும் ரியோ கிராந்தே, ரியோ கஜேகோஸ், சான் ஹூலியன் ஆகிய பெருநிலத் தளங்களிலிருந்து புறப்பட்டு, எழுநூறு கிலோமீட்டருக்கும் மேல் கடலைக் கடந்து வர வேண்டியிருந்தது. வானில் எரிபொருள் நிரப்ப இரண்டே டாங்கர் விமானங்கள். மிராஜுக்கும் டாகருக்கும் அப்படி நிரப்பிக்கொள்ளும் வசதியும் கிடையாது. தீவின் மேல் டாகருக்குக் கிடைத்தது ஐந்து நிமிடம். கூடினால் இன்னும் சில நிமிடங்கள். ஒலியை மிஞ்சும் வேகத்துக்கான ஆஃப்டர்பர்னரை முடுக்கினால் திரும்பி வர எண்ணெய் இருக்காது. அதிவேக விமானத்தில் வந்தவர்கள் அதன் வேகத்தைப் பயன்படுத்த முடியாமலே சண்டையிட்டார்கள்.

மே 1 அன்று விடிவதற்குள் பிரிட்டனின் ஒரே ஒரு வல்கன் குண்டுவீச்சு விமானம், அசென்ஷன் தீவிலிருந்து பதினொரு டாங்கர்களின் துணையோடு கிளம்பி, ஸ்டான்லி ஓடுபாதைமீது இருபத்தோரு குண்டுகளை வீசியது. ஓடுபாதையில் விழுந்தது ஒன்று. இத்தனை செலவுக்கு இவ்வளவுதானா என்று அன்றே கேட்டவர்கள் உண்டு. ஆனால் அந்தக் குண்டு இன்னொரு அச்சத்தை விதைத்தது: இவர்கள் பெருநிலத்துக்கும் வரலாமே! மிராஜ்களில் ஒரு பகுதி தாய்நாட்டைக் காக்கப் பின்னிழுக்கப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம் என்பார்கள்.

அன்று பிற்பகல்தான் முதல் வான்சண்டை. மிராஜ்கள் உயரத்தில் நிற்க விரும்பின, அங்கேதான் அவற்றுக்கு வலு. ஹாரியர்கள் கீழே காத்திருந்தன. இறங்கி வந்த இரண்டு மிராஜ்களில் ஒன்று சைட்வைண்டர் ஏவுகணையால் வீழ்ந்தது. விமானி குதித்துத் தப்பினார். சேதமுற்ற மற்றொன்றை ஓட்டிய கார்சியா குவெர்வா வீடு திரும்ப எரிபொருள் இல்லாமல் அந்தக் குட்டை ஓடுபாதையிலேயே இறங்கிப் பார்க்கத் துணிந்தார். எடையைக் குறைக்க வெளித்தொட்டிகளை உதறினார். கீழிருந்த அர்ஜென்டின விமான எதிர்ப்புப் பீரங்கிப் படையினர் தாக்க வந்த எதிரி என்று எண்ணிச் சுட்டார்கள். அவர் இறந்தார். அதே நாளில் சுடப்பட்ட டாகர் ஒன்றில் ஹோசே அர்தீலெஸ் இருந்தார். லண்டனின் டாட்டன்ஹாம் அணிக்காக ஆடிக்கொண்டிருந்த கால்பந்து வீரர் ஒஸ்வால்தோ அர்தீலெஸின் உறவினர். ஹெர்மிஸ் தளத்தில் நின்ற பி.பி.சி. செய்தியாளருக்கு எத்தனை விமானங்கள் போயின என்று சொல்லத் தடை. போனவற்றை எண்ணினேன், திரும்பியவற்றையும் எண்ணினேன், எல்லாம் வந்துவிட்டன என்ற பொருளில் அவர் அனுப்பிய செய்தி, ஹாரியர்களை வீழ்த்தியதாக வந்த புவெனஸ் ஐரிஸ் அறிக்கைகளைப் பொய்யாக்கியது.

அதன்பின் அர்ஜென்டின விமானிகள் உயரத்தைக் கைவிட்டு அலைகளை உரசிக்கொண்டு வந்தார்கள். கடல்உப்பு படிந்து முன்கண்ணாடி மங்கிப்போகும் அளவுக்குத் தாழ்வாக. மே 21இல் சான் கார்லோஸ் நீரிணையில் பிரிட்டிஷ் படை கரையிறங்கத் தொடங்கியபோது, மலைகளுக்கு நடுவே அவர்கள் புகுந்து வந்ததைப் பார்த்த எதிரிகளே வியந்து எழுதியிருக்கிறார்கள். ஆர்டென்ட் மூழ்கியது. ஆன்டிலோப் கப்பலுக்குள் வெடிக்காமல் கிடந்த குண்டைச் செயலிழக்கச் செய்ய முயன்றபோது அது வெடித்து, இரவு வானில் எழுந்த தீப்பிழம்பின் புகைப்படம்தான் இன்றுவரை அந்தப் போரின் முகம். மே 25இல் காவென்ட்ரியும், ஹெலிகாப்டர்களைச் சுமந்து வந்த அட்லாண்டிக் கன்வேயரும் போயின. ஜூன் 8 அன்று ஃபிட்ஸ்ராய் அருகே சர் கலஹாட் எரிந்தது. அந்த ஒரே நாளில் பிரிட்டன் இழந்தவர்கள் ஐம்பதுக்கும் மேல்.

இன்னும் அதிகம் மூழ்கியிருக்க வேண்டும். பத்துக்கும் மேற்பட்ட குண்டுகள் கப்பல்களைத் துளைத்தும் வெடிக்கவில்லை. குண்டின் ஃப்யூஸ் முடுக்கம்பெறச் சில நொடிகள் காற்றில் விழ வேண்டும்; அத்தனை தாழ்விலிருந்து வீசினால் அந்த நொடிகள் கிடையாது. உயிரைக் காத்த தாழ்வே குண்டை ஊமையாக்கியது. குண்டுகள் வெடிப்பதில்லை என்பதை லண்டன் வானொலியே உலகுக்கு அறிவித்தது கடற்படையினரைக் கொதிக்க வைத்தது தனிக் கதை. ஊமைக் குண்டுகளில் பலவும் பிரிட்டனில் செய்யப்பட்டவை என்பது இன்னொரு கதை. அர்ஜென்டினாவின் விமானந்தாங்கிக் கப்பல் முன்னாள் பிரிட்டிஷ் கப்பல். ஷெஃபீல்ட் வகை நாசகாரிக் கப்பல்கள் இரண்டைப் பிரிட்டனே அவர்களுக்கு விற்றிருந்தது. அவற்றை வைத்து ராடாரின் குறைகளை அறிந்து ஒத்திகை பார்த்தபின்தான், மே 4 அன்று பிரெஞ்சு எக்ஸோசெட் ஏவுகணையால் ஷெஃபீல்டையே அடித்தார்கள். இருபது பேர் இறந்தனர். அவர்களிடம் விமானத்திலிருந்து ஏவும் எக்ஸோசெட்டுகள் மொத்தம் ஐந்து. பிரான்ஸ் தடை விதித்துவிட்டதால் ஆறாவது வரவே இல்லை.

கடைசி எக்ஸோசெட் மே 30இல் ஏவப்பட்டது. அதைப் பின்தொடர்ந்த நான்கு ஸ்கைஹாக்குகளில் இரண்டு வீழ்ந்தன. உயிரோடு திரும்பிய இருவரும் இன்வின்சிபிளைத் தாக்கியதாகச் சொன்னார்கள், தொடர்ந்து சொல்லி வந்தார்கள். பிரிட்டன் மறுத்தது, அந்தக் கப்பல் பிறகு பல்லாண்டு ஓடியது. புகைக்குள் நுழைந்து வெளியேறிய அந்த இருவரைப் பொய்யர்கள் என்று சொல்ல எனக்கு மனமில்லை. கப்பல் தாக்கப்பட்டதற்கான சான்றும் எனக்குப் போதவில்லை.

போரில் ஈடுபட்ட 28 சீ ஹாரியர்களில் ஒன்றுகூட வான்சண்டையில் வீழவில்லை. ஆறு போயின, விபத்திலும் தரையிலிருந்து வந்த சூட்டிலும். அர்ஜென்டின விமானப்படை 55 பேரை இழந்தது. ஜூன் 14இல் ஸ்டான்லி சரணடைந்தது.

இந்த விமானிகளைப் பற்றி எழுதும்போதெல்லாம் எழுதுகிறவரின் கை தானாகவே புகழ்ச்சிக்குப் போய்விடும். என் கையும் போனது. அதை இழுத்துப் பிடிக்கும் ஒரு விமானம் உண்டு. ஸ்கைவேன் என்னும் பெட்டி போன்ற சிறு சரக்கு விமானம். அர்ஜென்டினக் கடலோரக் காவல்படையிடம் அவை ஐந்து இருந்தன. 1977 டிசம்பரில், காணாமற்போன பிள்ளைகளைக் கேட்டு மே சதுக்கத்தில் கூடிய அன்னையரின் அமைப்பை நிறுவியவர்கள் மூவரும், பிரெஞ்சுக் கன்னியாஸ்திரிகள் இருவரும், வேறு சிலரும் கடத்தப்பட்டு, இத்தகைய ஒரு விமானத்திலிருந்து உயிரோடு கடலில் தள்ளப்பட்டார்கள். அவர்களைக் காட்டிக்கொடுக்க அந்தக் குழுவுக்குள் பொய்ப்பெயரில் ஊடுருவியவர் கடற்படை அதிகாரி அல்ஃப்ரெதோ அஸ்தீஸ். 1982 ஏப்ரலில் தெற்கு ஜார்ஜியாவில் பிரிட்டிஷாரிடம் சரணடைந்து கையெழுத்திட்டவரும் அவரே. ஐந்து ஸ்கைவேன்களில் இரண்டு போருக்கென்று தீவுகளுக்கு அனுப்பப்பட்டு, ஒன்று ஸ்டான்லியிலும் மற்றொன்று பெபிள் தீவிலும் அழிந்தன. அந்த டிசம்பர் இரவில் பறந்த விமானம் விற்கப்பட்டு அமெரிக்காவில் ஓடிக்கொண்டிருந்தது. அதைக் கண்டுபிடித்து, பறப்புப் பதிவேடுகளைச் சாட்சியாக்கி, 2017இல் அதன் விமானிகள் தண்டிக்கப்பட்டார்கள். 2023இல் விமானமே புவெனஸ் ஐரிசுக்குத் திரும்பியது, நினைவுப்பொருளாக. அலைகளை உரசிப் பறந்த இளைஞர்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று சொல்லலாம். ஆனால் அவர்களை அனுப்பியவர்கள் அவர்களே. தோல்விதான் அந்த ஆட்சியை முடித்தது. 1983இல் தேர்தல் வந்தது.

வழக்கு தீரவில்லை. 2013 மார்ச் வாக்கெடுப்பில் தீவுவாசிகள் 1,517 பேர் வாக்களித்ததில் பிரிட்டனோடு இருக்க வேண்டாம் என்றவர்கள் மூவர். அர்ஜென்டினாவின் அரசியல் சட்டமோ 1994 முதல் அந்த உரிமையைக் கைவிட முடியாதது என்கிறது. டார்வின் இடுகாட்டில் கடவுள் மட்டுமே அறிந்த வீரர் என்று பொறிக்கப்பட்டிருந்த கல்லறைகளில் நூற்றுக்கும் மேற்பட்டவற்றுக்கு, செஞ்சிலுவைச் சங்கம் 2017இல் தொடங்கிய பணியால் பெயர் கிடைத்துவிட்டது. பிரிட்டன் 1985இல் மவுண்ட் பிளசன்ட்டில் பெரிய ஜெட்டுகளும் இறங்கக்கூடிய நீண்ட ஓடுபாதை ஒன்றைக் கட்டிமுடித்தது.

ஹெர்மிஸை நாம் வாங்கினோம். 1987 முதல் அது ஐ.என்.எஸ். விராட். நம் கடற்படையின் சீ ஹாரியர்கள் 2016இல் ஓய்வு பெற்றன. கப்பல் அடுத்த ஆண்டு. செய்தியாளர் நின்று எண்ணிய அந்தத் தளத்தை 2020இல் குஜராத்தின் அலங்கில் கரையேற்றி, துண்டு துண்டாக வெட்டி இரும்பு விலைக்கு விற்றார்கள்.