சிறைக்குள் கருணை மரணம்

தாங்க முடியாத வேதனையில் இருப்பவர், சட்டம் இடம் தரும் நாடுகளில், மருத்துவர் உதவியோடு உயிர் நீப்பதே கருணை மரணம். அந்த உரிமை சிறைவாசிக்கும் உண்டா என்ற கேள்வி முதலில் பெல்ஜியத்தில் பெரிதாக வெடித்தது. 2002-இல் அந்நாடு இயற்றிய சட்டம், உடல் நோயோடு தீராத மனவேதனையையும் காரணமாக ஏற்கிறது.

பாலியல் வன்கொடுமை, கொலைக் குற்றங்களைச் செய்து, மனநோயாளி என்று தீர்ப்பாகி, ஏறத்தாழ 30 ஆண்டுகள் அடைபட்டிருந்தவர் ஃபிராங்க் வான் டென் பிளீக்கன். நெதர்லாந்தின் சிறப்பு மையத்தில் சிகிச்சை கொடுங்கள், முடியாதென்றால் சாக விடுங்கள் என்றார் அவர். சிகிச்சைக்கு வழி பிறக்கவில்லை. 2014 செப்டம்பரில் சாவுக்கு அனுமதி கிடைத்தது. 2015 ஜனவரி 11 என்று நாளும் குறித்தார்கள். சில நாட்களே இருந்தபோது மருத்துவர்கள் பின்வாங்க, ஏற்பாடு நின்றது. பிறகுதான் கென்ட் நகரில் புதிதாகத் திறந்திருந்த மனநல மையத்தில் அவருக்கு இடம் வந்தது. அந்த இடம் முன்பே கிடைத்திருந்தால் அவர் சாவைக் கேட்டிருப்பாரா? மனநோயாளிகளை உரிய சிகிச்சையின்றிச் சிறையில் வைத்ததற்காக ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் பெல்ஜியத்தைப் பலமுறை கண்டித்தது. 2016-இல் நிலைமையைச் சீராக்க இரண்டாண்டு கெடு விதித்தது.

ஸ்பெயினில் சிக்கல் வேறு. 2021 டிசம்பரில் தாரகோனாவில் முன்னாள் சக ஊழியர்களைச் சுட்ட மரின் யூஜென் சபாவ், போலீஸ் குண்டு பட்டு முடங்கினார். ஒரு காலையும் இழந்தார். அவர் கருணை மரணம் கேட்டபோது, முதலில் வழக்கு முடியட்டும் என்று காயமடைந்தவர்கள் நீதிமன்றம் ஏறினார்கள். அவர்களது வேதனை நியாயமானது. ஆனால் குற்றம் சாட்டப்பட்டவரின் கண்ணியமே மேலோங்கும் என்றது நீதிமன்றம். விசாரணை தொடங்காமலே, 2022 ஆகஸ்ட் 23 அன்று டெராசா சிறை மருத்துவமனையில் அவர் உயிர் நீத்தார்.

சுயநலமின்றித் தற்கொலைக்கு உதவுபவரைத் தண்டிக்காத சுவிட்சர்லாந்தில், மாநிலங்கள் 2020-இல் அந்த உதவியைச் சிறைவாசிகளுக்கும் கொள்கையளவில் ஏற்றன.

கனடாவில் 2016-இல் கருணை மரணச் சட்டம் வந்தது. காவலில் நேரும் இறப்பைச் சிறைத்துறை விசாரித்தே தீர வேண்டும் என்ற விதியிலிருந்து இத்தகைய இறப்புகளுக்கு அப்போதே விலக்களித்துவிட்டார்கள். மிகவும் கவலை தருவது இதுதான். சிறைவாசிகளின் குறைகேட்பு அதிகாரி ஐவன் ஜிங்கர் தமது 2019-20 ஆண்டறிக்கையில், தெரியவந்த மூன்று நிகழ்வுகளைச் சுட்டி, சிறைக்குள் இதை அடியோடு நிறுத்தி வைக்கக் கோரினார். சாகும் தறுவாயில் உள்ளவரை முதலில் விடுவியுங்கள், முடிவை அவர் வெளியே இருந்து எடுக்கட்டும் என்பது அவர் வாதம். அவர் ஆராய்ந்தவற்றில் ஒன்று, வன்முறை கலவாத குற்றத்துக்கு இரண்டாண்டுத் தண்டனை பெற்ற நோயாளியுடையது. அவருக்குப் பரோல் மறுக்கப்பட்டிருந்தது.