தீவகத்து மொறிஸ் மைனரும் ஐந்தாவது கியரும்

வேலணையில் பிறந்து ரொறன்ரோவில் வாழும் நண்பர் ஒருவர் அண்மையில் ஒரு கேள்வியுடன் வந்தார். தந்தையார் விட்டுச்சென்ற 1954ஆம் ஆண்டு மொறிஸ் மைனருக்கு ஐந்து கியர் கொண்ட கியர்பொக்ஸ் ஒன்றைப் பூட்டலாமா என்பதே அது. நான் மெக்கானிக் அல்லன். ஆயினும் அக்காரின் கதையை அறிந்தவன்.

அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மைனர் 1948இல் இலண்டன் கண்காட்சியில் அறிமுகமானது. சிக்கனமும் உறுதியும் கொண்ட அக்கார், ஒஸ்ரின் ஏ40 முதலியவற்றுடன் யாழ்ப்பாணத் தெருக்களில் நிலைபெற்றது. பண்ணைப் பாலத்தைக் கடந்து, அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை வழியாகப் புங்குடுதீவின் குறிகட்டுவான் துறைவரை செல்லும் தெரு மேடுபள்ளமற்றது. அதற்கப்பால் நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகுதான். அத்தெருவுக்கு நான்கு கியர் தாராளமாகப் போதும்.

1990இல் போர் மீண்டும் மூண்டபின் தீவக மக்களில் பெரும்பாலோர் குடாநாட்டுக்கு இடம்பெயர்ந்தனர். பெற்றோல் தடைசெய்யப்பட்டது. அப்போதுதான் பழைய கார்களின் பெருமை வெளிப்பட்டது. அந்த மைனரின் 803 சி.சி. எஞ்சினுடைய அமுக்க விகிதம் 7.2 மட்டுமே. தரங்குறைந்த எரிபொருளையும் அது பொறுத்துக்கொள்ளும். சூப்பியால் சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினை இயக்கிச் சூடேற்றி, பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். வெண்புகை கக்கும், எரியாத மண்ணெண்ணெய் எஞ்சின் ஒயிலில் கலக்கும், ஆனாலும் ஓடும். அமுக்கம் கூடிய புதிய எஞ்சின்களுக்கு அந்தப் பொறுமை இல்லை.

1995 ஒக்ரோபர் 30 இரவு யாழ்ப்பாணம் வெறுமையானபோது, நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்த சனத்திரளின் நடுவே அக்கார் இரவு முழுவதும் முதலாம் கியரில் ஊர்ந்தது. உள்ளே பாட்டியும் குழந்தைகளும். கூரையில் பாயும் பானையும். காலால் நடந்தவர்களே காரை முந்திச் சென்றனர்.

இனி நண்பரின் கேள்விக்கு வருவோம். ஓவர்டிரைவின் நோக்கம், கார் அதே வேகத்தில் செல்லும்போது எஞ்சின் சுற்றைக் குறைப்பதாகும். லேகொக் நிறுவனம் தயாரித்த புகழ்பெற்ற ஓவர்டிரைவைக் கண்டுபிடித்த எட்கர் டி நோர்மன்வில், வாகனப் பத்திரிகையாளராகவும் இருந்தவர். எம் தொழிலுக்கு அப்படியும் ஒரு பெருமை உண்டு! இன்று இங்கிலாந்தில் மைனர் பிரியர்கள் பலர் ஃபோர்ட் சியராவின் ஐந்து கியர் பொக்ஸைப் பூட்டுகின்றனர். அதன் ஐந்தாவது கியரில் எஞ்சின் சுற்று ஏறத்தாழ 18 வீதம் குறையும். ஆனால் அதற்கு இணைப்புத் தகடு, புதிய தாங்கி, நீளம் மாற்றிய உந்துதண்டு யாவும் வேண்டும். பழுதானால் தீவகத்தில் பாகம் கிடைக்காது.

மற்றொரு வழி, பின்னச்சின் டிபரன்சலை மாற்றுவது. 803 சி.சி. மைனரின் விகிதம் 5.375, 1956இல் வந்த மைனர் 1000இன் விகிதம் 4.55. இதனால் சுற்று 15 வீதம் குறையும். 1962இல் வந்த 1098 சி.சி. மைனரின் 4.22 இன்னும் குறைக்கும். ஆனால் கடற்காற்றை எதிர்த்துச் செல்கையில் 30 குதிரைவலு கொண்ட எஞ்சின் திணறும். எனவே 4.55ஐயே பரிந்துரைத்தேன். மைனர் இலங்கைக்கு அந்நியமன்று. அம்பலாங்கொடையில் அதன் பாகங்களைச் செய்து இங்கிலாந்துக்கே அனுப்பியிருக்கிறார்கள்.

“அப்பாவின் காரை மாற்றுவது தவறில்லையா?” என்று நண்பர் தயங்கினார். மண்ணெண்ணெய்க்கு மாறியதனால்தான் அது பிழைத்தது என்றேன். மாற்றம் பிழையன்று, திரும்பி வர முடியாத மாற்றமே பிழை. கழற்றிய பழைய டிபரன்சலைக் கிறீஸ் பூசி, சாக்கில் சுற்றி, வீட்டிலேயே வைத்திருக்கச் சொன்னேன். இடம்பெயர்ந்தவர்களுக்கு அந்த வித்தையைச் சொல்லித்தர வேண்டியதில்லை.