மருந்து கொடுக்கும் கை

மருத்துவர் எழுதும் சீட்டுக்கும் நோயாளியின் வாய்க்கும் இடையே இன்னொருவரின் கை இருப்பதை நீங்கள் எண்ணிப் பார்த்ததுண்டா? 0.5 மில்லிகிராம் என்பதை அவர் 5 என்று படித்துவிட்டால் மருந்து பத்து மடங்காகிவிடும். இயற்பியல் தேர்வில் புள்ளி தவறினால் மதிப்பெண்தான் போகும். இங்கே உயிரே போகலாம்.

எங்கள் சீயமங்கலத்திலும் செஞ்சி வட்டாரத்திலும் பிளஸ் டூ முடித்த மாணவர்கள், "சார், டி.பார்ம். படிக்கலாமா? எங்கே சேரலாம்?" என்று ஆண்டுதோறும் கேட்கிறார்கள். இதற்கு விடை காண, இத்தொழிலின் வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்ப்போம்.

சீயமங்கலத்துக்கு வடகிழக்கே, பாலாற்றோடு செய்யாறும் வேகவதியும் கூடும் இடத்தில் திருமுக்கூடல் இருக்கிறது. அங்குள்ள வீரராசேந்திர சோழனின் 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு, 15 படுக்கைகள் கொண்ட ஒரு மருத்துவமனையைப் பற்றிக் கூறுகிறது. மருத்துவர், அறுவை செய்பவர் ஆகியோருடன், மூலிகை கொணர்ந்து மருந்து செய்ய இருவரும் அதில் இடம்பெறுகின்றனர். அவர்களுக்கும் தனி ஊதியம் உண்டு. மருந்து செய்வது தனிப் பொறுப்பு என்பதை நம் முன்னோர் அன்றே உணர்ந்திருந்தனர்.

ஆங்கிலேயர் காலத்தில் இப்பொறுப்பு 'கம்பவுண்டர்' கைக்கு வந்தது. மிக்ஸ்சர் குப்பியில், வேளைக்கு இவ்வளவு என்று காட்டப் பல்பல்லாக வெட்டிய காகிதத்தை ஒட்டித் தருவாரே, அவர்தாம். வங்காளத்தில் 1881இல் கம்பவுண்டர்களுக்கு முறையான பயிற்சி தொடங்கியது. ஆயினும் நாடு முழுவதற்கும் பொதுவான கல்வித் தகுதி எதுவும் அப்போது இல்லை.

விளைவு என்ன? சந்தையில் கலப்பட மருந்துகள் மலிந்தன. மலேரியாவுக்குக் கொடுக்கும் குயினைன்கூடத் தப்பவில்லை. 1930இல் அரசு அமைத்த சோப்ரா குழு, மருந்தையும் மருந்து கொடுப்பவரையும் ஒருங்கே சட்டத்தின் கீழ்க் கொண்டுவர வேண்டுமென்றது. 1932இல் மகாதேவ லால் ஷ்ராஃப் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் மருந்தியல் கல்விக்கு அடித்தளமிட்டார். 1940இல் மருந்துச் சட்டமும், 1948இல் பார்மசி சட்டமும் வந்தன. மறு ஆண்டே இந்திய பார்மசி கவுன்சில் அமைந்தது.

மாணவர்களே, நீங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது இந்த 1948ஆம் ஆண்டுச் சட்டத்தைத்தான். கவுன்சில் ஏற்பளித்த படிப்பையும் தேர்வையும் முடித்தவரே மருந்தாளுநராகப் பதிவு பெற முடியும். என்னிடம் வந்த ஓர் இளைஞர், பெரிய விளம்பரத்தை நம்பி ஈராண்டுகள் படித்தார். பதிவுக்குச் சென்றபோதுதான் அந்த நிறுவனத்துக்கு ஏற்பு இல்லை என்பது தெரிந்தது. அவர் தந்தை நிலத்தை அடகு வைத்துக் கட்டிய பணம் திரும்பவில்லை.

ஆகவே, சேருமுன் மூன்றைக் கேளுங்கள். நீங்கள் சேரும் ஆண்டுக்குக் கவுன்சிலின் ஏற்பு உண்டா? நிறுவனத்தின் சொல்லை மட்டும் நம்பாமல், கவுன்சில் வெளியிடும் பட்டியலை நீங்களே பாருங்கள். ஆய்வகத்தில் தராசும் அளவுக் குடுவையும் உங்கள் கைக்கு எட்டுமா, அல்லது கண்ணாடி அலமாரிக்குள் காட்சிப் பொருளாக இருக்குமா? ஈராண்டுப் படிப்புக்குப் பின் பெற வேண்டிய 500 மணி நேரச் செய்முறைப் பயிற்சியை எந்த மருத்துவமனையில் அல்லது மருந்துக் கடையில் தருவார்கள்? 2022ஆம் ஆண்டு விதிகள், பட்டயம் பெற்றபின் எழுத வேண்டிய தகுதித் தேர்வு ஒன்றையும் சேர்த்துள்ளன. அதற்கும் ஆயத்தமாக வேண்டும்.

கட்டணம் எவ்வளவு என்ற கேள்வி இவற்றுக்குப் பின்னரே வரட்டும். நாளை ஒரு தாய் தன் குழந்தைக்கான மருந்தை உங்களிடம்தான் கேட்டு வாங்கப்போகிறாள்.